சும்மா எழுதியவர்

கேள்வி: கல்விக்கூடங்களில் உட்கார்ந்துகொண்டு சும்மா எழுதித் தள்ளும் இறையியல் பேராசிரியர்களால் திருச்சபைக்கு என்ன பயன்? கோவிலில் முழந்தாளிட்டு ஜெபிக்கும் ஒரு பாட்டிக்கு இதெல்லாம் தேவையா?

பதில்: சொல்லைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். சும்மா எழுதியவர்களில் தலையாயவர் புனித தோமா அக்குவினா. லத்தீனில் 'சும்மா' என்றால் தொகுப்பு. 13ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கற்பித்த அந்தத் துறவியின் பெருநூல் 'சும்மா தியோலோஜியே'. எங்கள் இதழில் ஒருமுறை 'அக்குவினா சும்மாவை எழுதி முடிக்கவில்லை' என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் வேண்டாத சொல் என்று 'சும்மாவை' அடித்துவிட்டார். பொருள் கெடவில்லையே என்று இன்றும் வாதிடுகிறார். கெடவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அந்த நூல் முழுக்கக் கேள்வி-பதில் என்பதால் இந்தப் பக்கத்தை நடத்துகிறவனுக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு. மனிதர் எதிராளியைத்தான் முதலில் பேச விடுகிறார். 'கடவுள் இருக்கிறாரா?' என்ற இடத்தில் அவர் எடுத்து வைக்கும் முதல் வாதமே, 'உலகில் தீமை இருக்கிறதே, ஆகவே கடவுள் இல்லை போலும்' என்பது. தம் பதில் அதற்குப் பிறகுதான். 'நான் இறையியல் படித்தவனல்ல' என்று மார்தட்டும் பிரசங்கிகளோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. அவர்களிடம் இப்படியொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஒலிபெருக்கியின் சத்தம்தான் கூடும்.

பாட்டியிடம் வருவோம். விசுவாச அறிக்கையில் கிறிஸ்துவைத் 'தந்தையோடு ஒரே பொருளானவர்' என்று அவர் சொல்கிறார். 325இல் நீசேயாவில் கூடிய ஆயர்கள் வைத்த சொல் அது. 'ஒரே' வேண்டாம், 'ஒத்த' போதும் என்று பின்னால் ஓர் அணி கிளம்பியது. கிரேக்கத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. சண்டை ஓய 381 ஆயிற்று. பாட்டி யார் முன் முழந்தாளிடுகிறார் என்பது அந்த ஓர் எழுத்தில் இருந்தது ஐயா!

பாட்டியும் லேசுப்பட்டவர் அல்லர். அந்தக் குழப்பத்தில் ஆயர்கள் பலர் தடுமாற, எளிய மக்கள்தாம் நம்பிக்கையைக் காத்தார்கள் என்று ஆங்கிலேய இறையியலாளர் நியூமன் 1859இல் எழுதினார். அதற்காக அவர்மீது ரோமுக்குப் புகார் போனது. திருச்சபைக்கு இது புதிதல்ல. அக்குவினா இறந்து மூன்றாண்டு நிறைந்த அதே நாளில், 1277 மார்ச் 7 அன்று, பாரிஸ் ஆயர் 219 கருத்துகளைக் கண்டித்தார். அவற்றில் சில அக்குவினாவையும் தொட்டன. 1323இல் அவரையே புனிதராக்கினார்கள்.

1273 டிசம்பரில் ஒருநாள் திருப்பலி முடிந்ததும் அவர் எழுதுவதை நிறுத்திக்கொண்டார். 'நான் எழுதியதெல்லாம் வைக்கோல்' என்றாராம். மேற்படி பிரசங்கிகளுக்கு மிகவும் பிடித்த மேற்கோள் இது. அறுத்துப் போரடித்தவர் வைக்கோல் என்கிறார். வயல் பக்கமே போகாதவர்களுக்கு என்ன வந்தது? அதன்பின் மூன்று மாதம் அவர் சும்மா இருந்தார், இறந்துபோனார்.

உங்கள் கேள்வியில் இருக்கும் 'சும்மா'வை மட்டும் எங்கள் மெய்ப்புக்காரர் தாராளமாக அடித்துக்கொள்ளட்டும்.