நீர்ப்பை சுருங்கியது சரி, தரை நனைந்ததா?

கேள்வி: கருப்பராயன் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட வெள்ளாட்டுக் கிடாய்ங்க, ஒன்றரை வயசு, 24 கிலோ. ரெண்டு நாளா முக்கிக்கிட்டே நின்னுச்சு, சொட்டு மூத்திரம் வரலை. தோட்டத்து நாய்க்குப் பார்க்கிற டாக்டர் கையடக்க ஸ்கேன் வெச்சு, காலையில 8 மணிக்கு நீர்ப்பையில 300 மில்லின்னார். மருந்துக்கடைக்காரர் சொல்லி, கல் கரைக்கிற டானிக்கும் நீர் பிரியற ஊசியும் கொடுத்தோம். சாயங்காலம் 4 மணிக்கு 78 மில்லிதானுங்க. முக்கறதும் நின்னு போச்சு. கட்டுத்தரை மட்டும் காஞ்சே கிடக்குது. டானிக்கைத் தொடரலாமுங்களா? ஸ்கேன் கணக்கை நம்பலாமுங்களா? தினமும் அரைக்கிலோ கோதுமைத் தவிடும் கால் கிலோ மக்காச்சோள மாவும் வெக்கறோம்.
– ஒரு விவசாயி, காங்கேயம் பக்கம்

பதில்: டானிக்கை நிறுத்திவிட்டுக் கிடாயை வண்டியில் ஏற்றுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியோ, அறுவை செய்கிற வேறு மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே இன்றே போக வேண்டும்.

24 கிலோ ஆடு நாளுக்குக் குறைந்தது 240 மில்லி சிறுநீர் உண்டாக்கும். மூத்திரக்குழாயில் கல் அடைப்பு அப்படியே இருந்தால் 8 மணி நேரத்தில் 300 என்பது 380 ஆகியிருக்க வேண்டும். அடைப்பு விட்டிருந்தால் தரை நனைந்திருக்க வேண்டும். ரெண்டும் இல்லை. அப்படியானால் பை கிழிந்து சிறுநீர் வயிற்றுக்குள் போயிருக்கிறது என்றுதான் நினைக்க வேண்டும். இறுக்கம் விட்டதால் முக்கல் நின்றது. ஒரு நாள் ஆடு தெம்பாக இருப்பது போலத் தெரியும். பிறகு தீனி எடுக்காது, அடிவயிறு இருபக்கமும் தொங்கும். டாக்டரிடம் இனி நீர்ப்பையை அளக்கச் சொல்லாதீர்கள். அடிவயிற்றில் குடலுக்கு நடுவே, ஸ்கேன் திரையில் கறுப்பாகத் தெரிகிற நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த நீரை ஊசியில் எடுத்து, அதில் கிரியாட்டினின் (சிறுநீரில் வெளியேறும் ஒரு கழிவு) ரத்தத்தில் உள்ளதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் அது சிறுநீரேதான். நேர்ந்துவிட்டதுதானே, இன்றே வெட்டிப் பங்கு போடலாம் என்றும் நினைக்க வேண்டாம். கறியெல்லாம் மூத்திர வீச்சம் அடிக்கும், ஊசி மருந்தும் அதில் இருக்கும்.

ஸ்கேன் கணக்கை நம்பலாம், எடுத்த விதம் சரியாக இருந்தால். நெடுக்கே பார்த்து நீளமும் ஆழமும், குறுக்கே திருப்பி அகலமும் எடுத்து, மூன்றையும் பெருக்கி, முட்டை வடிவத்துக்கான 0.52 ஆல் பெருக்குவார்கள். காலையில் 9, 8, 8 செ.மீ. என்றால் 300, மாலையில் 6, 5, 5 என்றால் 78. நீர்ப்பை அச்சில் வார்த்த முட்டை அல்ல. கருவியை அழுத்திப் பிடித்தால் தட்டையாகும், சாய்த்துப் பிடித்தால் அளவு மாறும், ரொம்ப நிறைந்த பை திரைக்குள்ளேயே அடங்காது. அதனால் ஒரு தடவை எடுத்த எண் பெரிதாக ஒன்றும் சொல்லாது. ஒரே ஆள், ஆட்டை ஒரே மாதிரி நிற்க வைத்து, தொடை இடுக்கில் முடியை மழித்து ஜெல் தடவி, மணி குறித்து ரெண்டு தடவை எடுத்தால்தான் பேசும். கூடவே கட்டுத்தரையில் சாம்பல் தூவி வையுங்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிந்துவிடும். எடுக்கும்போது எங்கே தவறியிருந்தாலும் 300 என்பது 78 ஆகாது.

நாய்க்குப் போல மூத்திரக்குழாய் வழியாக டியூப் விட்டு வடிக்கிற வேலை கிடாயிடம் நடக்காது. இடுப்பெலும்பு வளைவில் உள்ள ஒரு சிறு பையில் டியூப் முட்டி நின்றுவிடும். முதல் நாளே கிடாயைப் புட்டத்தில் உட்கார வைத்து, குறியின் நுனியில் புழு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழலைப் பார்த்திருக்க வேண்டும். கல் பல சமயம் அங்கேதான் சிக்கும். டாக்டர் அதைக் கத்தரித்துவிட்டால் வழி திறக்கும், இனப்பெருக்கத்துக்கும் கெடுதல் இல்லை.

அந்த ஊசிக்கு வருவோம். அடைப்பு இருக்கும்போது நீர் பிரிகிற ஊசி போடுவது, மடையை அடைத்துவிட்டு மோட்டாரைப் போடுகிற வேலை. வரப்பு உடையத்தான் உடையும். ஆட்டைக் கண்ணாலும் பார்க்காமல் இதைக் கொடுக்கிற கடைக்காரரிடம் தாம்புக்கயிறுகூட வாங்காதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது தவிட்டைப் பற்றி. ஆயிரம் அடி போர்த் தண்ணி உப்பு என்று தண்ணியைக் குறை சொல்வது நம்ம பக்கத்து வழக்கம். தவிடு தின்கிற கிடாய்க்கு வருவது பெரும்பாலும் பாஸ்பேட் கல். நீங்கள் வைக்கிற தீனியில் பாஸ்பரஸ் கிட்டத்தட்ட 6 கிராம், சுண்ணாம்புச்சத்து 1 கிராம்கூட இல்லை. சுண்ணாம்புதான் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். ஈடுகட்ட 30 கிராம் கால்சைட் பவுடர் (அரைத்த சுண்ணாம்புக்கல்) தேவை, கடையில் டி.சி.பி. (டைகால்சியம் பாஸ்பேட்) தருவார்கள், அதில் பாஸ்பரஸும் இருக்கிறது, வேண்டாம். அதைவிடத் தவிட்டை 100 கிராமுக்குக் குறைத்து, கொரங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் காடு) மேயவிட்டு, சவுண்டல் (சூபாபுல்) தழை போடுவது மேல். தவிடும் மாவும் சேர்ந்த அடர்தீனி மொத்தம் 250 கிராம், அதில் 7 கிராம் உப்பு; உப்பு தின்றால் தண்ணி குடிக்கும். கல் மறுபடி சேராமல் இருக்க அமோனியம் குளோரைடு, 24 கிலோவுக்கு நாளுக்கு 5 கிராம், வெல்லத் தண்ணியில். அடைப்பு உள்ளபோது கூடாது, டாக்டர் சொல்கிற நாளோடு நிறுத்தவும். உரக்கடைச் சரக்கை இதற்குத் தொடவே வேண்டாம்.

பட்டியில் இதே தீனி தின்கிற மற்ற கிடாய்கள் இருக்கும். இன்று சாயங்காலமே ஒவ்வொன்றின் குறி உறை முடியையும் விரலில் உருட்டிப் பாருங்கள். மணல் மாதிரி நறநறவென்றால் கல் சேரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்; அதற்கு இன்றிலிருந்தே தவிடு கிடையாது.