காவல் பரண்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரண்டு ஏக்கரில் கடலை போட்டிருக்கிறோம். இரவில் காட்டுப்பன்றி இறங்கிக் கொடியைக் கிளறிப் போட்டுவிடுகிறது. சவுக்குக் கழியில் பரண் கட்டினோம், ஒரே மழையில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. எப்படிக் கட்டினால் நிற்கும்? (வாசகர், ஒரத்தநாடு)

பதில்: சாய்ந்த பரண்களில் கோளாறு பெரும்பாலும் மண்ணுக்கு அடியில்தான் இருக்கும். ஒன்றரை அடிக் குழியில் கழியை நட்டு, தோண்டிய மண்ணையே தள்ளி மூடிவிட்டால் மழை ஊறியதும் கால் ஆட ஆரம்பிக்கும்.

16 அடிக் கழி நான்கு எடுங்கள். அடிப் பருமன் 4 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். 3 அடி மண்ணுக்குள், 8 அடி உயரத்தில் தளம், மீதி 5 அடி கூரைக்கு. தரையில் கால்களுக்கு இடையே 6 அடி விட்டு, தள மட்டத்தில் 5 அடியாக வரும்படி உள்ளே சாய்த்து நடுங்கள். நேர்குத்தாக நட்டது காற்றுக்கு நிற்காது. குழி அடியில் அரை அடி செங்கல் ஜல்லி போட்டு, அதன்மேல் அரை அடிக்கு ஒருமுறை மண் தள்ளித் திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். சோம்பல்பட்டு ஒரே தடவையாக மூடினால் பழைய கதைதான்.

கரையானும் இற்றுப்போதலும் தொடங்குவது தரை மட்டத்தில். பட்டையை உரித்து, அடி 4 அடிக்கும் தார் பூசுங்கள். தரைக்கு மேல் ஒரு சாணாவது தார் தெரிய வேண்டும். காங்கிரீட் ஊற்றுபவர்கள் அதைத் தரைக்கு மேலே கூட்டி, வெளிப்பக்கம் சரிவாக முடிக்காவிட்டால், கழி காய்ந்து சுருங்கிய இடுக்கில் தண்ணீர் நின்று மரம் சீக்கிரம் இற்றுவிடும்.

இன்னொன்று, குறுக்கு மறுக்காகப் பெருக்கல் குறி போல அடிக்கும் சாய்கட்டை நான்கு பக்கமும் வேண்டும். ஏறி இறங்க வழி வேண்டுமென்று ஏணிப் பக்கத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள். பரண் சாய்வதும் அந்தப் பக்கமாகவே இருக்கும். ஏணியை வெளியே சாத்திக்கொள்ளலாம், படிக்குப் படி ஓர் அடி.

தளம் தாங்கும் குறுக்குக் கழியை வெறும் ஆணியில் தொங்கவிடாதீர்கள். பரண் காலில், அதன் பருமனில் கால்பங்கு ஆழத்துக்கு மேற்படாமல் வெட்டு எடுத்து, அதில் உட்காரவைத்து, துளையிட்டு 12 மி.மீ. போல்ட், வாஷர் போட்டு முடுக்குங்கள். பச்சைக் கழி காயக் காயச் சுருங்கும் என்பதால் ஒரு மாதம் கழித்து நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். நைலான் கயிற்றை நம்ப வேண்டாம், வெயிலில் பொடிந்துவிடும். தளத்தைச் சுற்றி 3 அடியில் கைப்பிடிக் கழி கட்டாயம்.

கேள்வி: பரணில் ஆள் இருந்தும் பன்றி வருகிறதே? (வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: பன்றிக்குக் கண்ணைவிட மூக்கு கூர்மை. மோப்பம் கிடைத்தால் ஒரேயடியாகத் திரும்பிப் போகாது. சுற்றிக்கொண்டு மறுபக்கம் இறங்கும். அது பதுங்கும் கருவேலம் புதரிலிருந்து பரணை நோக்கிக் காற்று வீசும்படி பரணுக்கு இடம் பாருங்கள். மார்கழிப் பட்டக் கடலைக்கு வடகிழக்குக் காற்று. புதர் வடக்கிலோ கிழக்கிலோ இருந்தால் பரண் தென்மேற்கு மூலையில். ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் மேல்காற்று, கணக்கு தலைகீழ். வந்தது தெரிந்ததும் டார்ச், தகரம் போதும். வேலியில் கரண்டு கொடுப்பதும் அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்த நாட்டு வெடி) வைப்பதும் குற்றம். பன்றிக்கு முன்னால் விடிகாலையில் மடை திறக்கப் போகிறவர்தான் மாட்டுவார்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன், அங்கே மான் வேட்டைக்குக் கட்டும் உயரக் கூண்டின் படம் அனுப்பினான். அதே மாதிரி நம் வயலில் கட்டலாமா? (வாசகி, மயிலாடுதுறை)

பதில்: கூண்டைக் கட்டலாம், வேட்டை கூடாது. அங்கே வெள்ளைவால் மானுக்கு உரிமம் வாங்கிப் பருவத்தில் சுடுகிறார்கள். இங்கே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கோடியக்கரை வெளிமான் முதல் அட்டவணையில் வருகிறது; வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை.

அவர்கள் கூண்டில் எடுத்துக்கொள்ள வேண்டியது மூன்று. நான்கு பக்கமும் அடைப்பு, அதனால் ஆள் அசைவது தெரியாது. தரையில் பழைய கம்பளம், பலகை கிறீச்சிடாது. நமக்குச் சாக்கு போதும். மூன்றாவது இடுப்பு, தோள் சேர்த்துப் பூட்டும் பாதுகாப்பு வார். அங்கே ஏறும்போதும் இறங்கும்போதும் விழுவதுதான் பெரிய விபத்து, ஆகவே தரையிலிருந்தே வாரை மாட்டிக்கொண்டு ஏறச் சொல்கிறார்கள். கையில் பொருளோடு ஏற மாட்டார்கள். மேலே போய்க் கயிற்றில் இழுத்துக்கொள்வார்கள். இந்தப் பழக்கம் நமக்கும் வர வேண்டும்.

சன்னல் அளவை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள். அவர்கள் நாற்காலியில் உட்காருவதால் கண் 4 அடியில் இருக்கும். சம்மணம் போட்டு உட்காரும் நமக்கு 2 அடியிலிருந்து 3 அடிக்குள் திறப்பு வையுங்கள்.

கேள்வி: இடி மின்னலில் பரணில் இருக்கலாமா? (வாசகர், கொள்ளிடம்)

பதில்: கூடாது. திறந்த வயலில் உயரமாக நிற்பது பரண்தான். இடி கேட்டவுடன் இறங்கி ஓட்டு வீட்டுக்கோ காருக்கோ போங்கள், தனிமரத்தடிக்குப் போகாதீர்கள். மின்கம்பிக்குக் கீழேயோ பக்கத்திலோ பரண் போடவும் வேண்டாம். ஐப்பசிக்கு முன் கூரைக் கீற்றைப் பிரித்து வைத்துவிட்டால் புயல் காற்று பிடிக்க இடமிருக்காது. திரும்பப் போடும்போது கீற்றை உதறிப் போடுங்கள், தேள் இருக்கும்.