வளவில் எட்டுப் பிள்ளைகள்

அன்புள்ள ஆச்சிக்கு,

பெங்களூரில் பத்து வருடம் இருந்துவிட்டுச் சென்ற ஆண்டு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கே குடிவந்துவிட்டோம். மகளுக்கு நான்கு வயது. அவளைப் பள்ளியில் சேர்க்காமல், இன்னும் நான்கு குடும்பங்களோடு சேர்ந்து நாங்களே முறைபோட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்றிருக்கிறோம். மொத்தம் எட்டுப் பிள்ளைகள், மூன்று முதல் ஆறு வயது வரை. எங்கள் ஐயா வீட்டு வளவு, அந்தப் பெரிய முற்றத்து வீடு, பூட்டித்தான் கிடக்கிறது. மான்டிசோரியா, வேறு பாடத்திட்டமா என்பதில்தான் இழுபறி. விஜயதசமியன்று தொடங்க ஆசை. நீங்கள் முன்பு இப்படி ஒன்று நடத்தியதாகக் கேள்விப்பட்டோம். வழி சொல்லுங்கள்.

ம., பள்ளத்தூர்

அன்புள்ள ம.,

நடத்தினேன் என்பதைவிட நடத்திக் கெடுத்தேன் என்பதே சரி. கோட்டையூரில் ஆறு குடும்பங்கள், பதினோரு பிள்ளைகள். எட்டு மாதத்தில் கலைந்தது. பாடத்திட்டத்தால் அல்ல, முகதாட்சண்யத்தால்.

முறை நாளில் பெற்றோரில் ஒருவர் காலை முழுவதும் கூட இருக்க வேண்டும் என்பது வாய்ப்பேச்சு. ஒருவர் பிள்ளையை முகப்பில் இறக்கிவிட்டு, "பேங்க் வரை போய்வந்துவிடுகிறேன்" என்று காரைக்குடிக்குப் போவார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வருவார். இன்னொரு வீட்டில் காய்ச்சல் மருந்தைக் கொடுத்துப் பிள்ளையை அனுப்பினார்கள். அந்த வாரம் ஏழு பேர் படுத்துவிட்டார்கள். எல்லோரும் சொந்தம், இல்லையென்றால் சொந்தத்துக்குச் சொந்தம். யார் கேட்பது? கடைசியில் நானும் இன்னொருத்தியும் சம்பளமில்லாத டீச்சர்கள் ஆனோம். ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. அடுத்த திங்கள் நானும் போகவில்லை.

ஆகவே பாடத்திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு தாளை எடுங்கள். யார் எந்த நாள், வர முடியாவிட்டால் பதில் ஆள் யார், காய்ச்சல் விட்டு எத்தனை நாள் கழித்துப் பிள்ளை வரலாம், அடித்த பிள்ளையை யார் கண்டிப்பது, ஒரு குடும்பம் விலகினால் வாங்கிய சாமான் யாருக்கு. எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். கோவிலுக்குப் புள்ளிவரி (கல்யாணமான குடும்பத்துக்கு இவ்வளவு என்ற வரி) போட்டு, முறை மாற்றிக் காரியம் பார்த்து, ஐந்தொகைக் கணக்கு எழுதிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இது புதிதா என்ன? செலவையும் பிள்ளைக்கு இவ்வளவு என்று போடாமல் புள்ளிக்கு இவ்வளவு என்று போடுங்கள். மூன்று பிள்ளை பெற்றவள் கூச வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு காலை போதும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையை அக்கம்பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 10ஆம் பிரிவு. தவறினால் பெற்றோருக்குத் தண்டனை என்று எதையும் சொல்லவில்லை. ஆனால் அங்கீகாரமில்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 18ஆம் பிரிவு. எனவே போர்டு மாட்டாதீர்கள், கட்டணம் வாங்காதீர்கள், வெளிப்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். உங்கள் கூட்டத்தில் ஆறு வயதுப் பிள்ளை இருக்கிறது. அந்த வீட்டார் இப்போதே யோசிக்க வேண்டும். பின்னாளில் தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது முடிந்தவர்கள் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத 14 வயது வேண்டும்.

மான்டிசோரி அம்மையார் 1939இல் சென்னைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். பயிற்சியில்தான் அந்த முறையின் உயிர் இருக்கிறது. அந்த முறைக்குரிய இளஞ்சிவப்பு மரக்கட்டைகளை வாங்கி அலமாரியில் அடுக்கினால் அலமாரிதான் நிறையும். எங்கள் வளவில் நான் வியந்து பார்த்த பாடத்துக்குக் காசே இல்லை. ஐந்து வயதுப் பையன் ஒருவன் ஈர விரலால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூவை வரைந்துகொண்டே போனான். ஒரு கல்லில் கால் பூதான் இருக்கிறது, நாலு கல் சேர்ந்தால்தான் முழுப்பூ என்று அவனாகவே கண்டுபிடித்தான். உடனே மூன்று வயதுக்காரியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, அவள் விரலைத் தண்ணீரில் முக்கி, "இங்கே தொடங்கு" என்றான். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்தப் பழக்கத்தைத்தான், சென்னையில் மணலில் எழுதிப் படித்த பிள்ளைகளைப் பார்த்துச் சென்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1797இல் லண்டனில் நூலாகப் போட்டார். அடுத்த வாரம் பிள்ளைகளை ஆத்தங்குடிக்கே கூட்டிப்போனோம். சூளையே இல்லை. கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயக் குழம்பை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, பிறகு தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடியிலிருந்து கல்லை உரித்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். ஐந்து குடும்பமும் நம் ஆட்களா? அப்படியென்றால் அந்தக் கல் போடுகிறவர் வீட்டுப் பிள்ளைக்கும் ஓர் இடம் வையுங்கள். நாங்கள் வைக்கவில்லை.

வளவு பூட்டிக் கிடக்கிறது என்கிறீர்கள். அதில் எத்தனை பங்கு? சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி நாளைக்குப் போன் செய்து, "யாரைக் கேட்டுத் திறந்தீர்கள்?" என்பார். சாவிக்கு முன் எல்லோருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். விஜயதசமிக்குள் கிடைக்காவிட்டால் தைக்குத் தள்ளிப்போடுங்கள். இரண்டாங்கட்டு முற்றத்தைத் தாண்டினால் கிணறு இருக்குமே, அதற்கு மூடி இருக்கிறதா? பார்த்துவிட்டு எழுதுங்கள்.