ஆல்ஃபா 0.78 வந்துவிட்டால் கேள்வித்தாள் நம்பகமானதுதானா?

கேள்வி: முதுகலை உளவியல் ஆய்வுக்காகத் தோட்டப்புறப் பிள்ளைகளிடம் 12 கேள்விகள் கொண்ட மன அழுத்தக் கேள்வித்தாளைக் கொடுத்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஆல்ஃபா 0.78 வந்திருக்கிறது. 0.70-ஐத் தாண்டிவிட்டதால் நம்பகத்தன்மை போதும் என்கிறார்கள். உண்மையிலேயே போதுமா? வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்:

போதாது. அதற்காக 0.78 மோசமான எண் என்று சொல்லவில்லை. அந்த எண் சொல்லாத பல விஷயங்களை அது சொல்லிவிட்டதாக நாம் எடுத்துக்கொள்கிறோம், அங்கேதான் சிக்கல்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பள்ளியில் ஆலோசனை ஆசிரியை. சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கும் தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகளுக்கும்) ஆய்வாளர்கள் வரும்போது கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போகிற வேலையையும் செய்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் இருப்பதோடு, இங்கே பார்த்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ஒருவர் வாங்கும் மதிப்பெண்ணில் அவருடைய உண்மை நிலையும் இருக்கிறது, பிழையும் இருக்கிறது. சார்லஸ் ஸ்பியர்மன் 1904-இல் தொடங்கி வைத்த சிந்தனை இது. ஆட்களுக்கு இடையே தெரியும் மதிப்பெண் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு உண்மையான வேறுபாடு என்பதுதான் நம்பகத்தன்மை. 0.78 என்றால் ஏறத்தாழ 78 சதவீதம் உண்மை வேறுபாடு, மீதி 22 சதவீதம் பிழை. இதில் 'ஆட்களுக்கு இடையே' என்பதை விட்டுவிடாதீர்கள். எல்லாரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும் குழுவில் உண்மை வேறுபாடு குறைவு, பிழை மட்டும் அப்படியே இருக்கும். அதே கேள்வித்தாளுக்கு அங்கே நம்பகத்தன்மை இறங்கிவிடும்.

ஆகவே நம்பகத்தன்மை கேள்வித்தாளின் மேல் குத்திய முத்திரை இல்லை. குறிப்பிட்ட ஆட்களிடம், குறிப்பிட்ட சூழலில் எடுத்த மதிப்பெண்களுக்கு உரியது. கோலாலம்பூர்ப் பல்கலைக்கழக மாணவர்களிடம் 0.88 வந்தது என்று ஒரு கட்டுரை சொன்னால் அது அந்த மாணவர்களைப் பற்றிய செய்தி. செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டப் போகிறவரின் பிள்ளைக்கு அந்த எண்ணைக் கடன் வாங்க முடியாது. நீங்கள் உங்கள் தரவிலேயே கணக்கிட்டிருக்கிறீர்கள், அது மிகச் சரி. பல ஆய்வுகளில் இதைக்கூடச் செய்வதில்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

இப்போது ஆல்ஃபாவுக்கு வருவோம். லீ கிரான்பாக் 1951-இல் எழுதிய கட்டுரையால் அவர் பெயரிலேயே புகழ்பெற்ற அளவு இது. லூயி கட்மன் 1945-லேயே இதற்குச் சமமான ஒன்றைக் கொடுத்திருந்தார். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன, எத்தனை கேள்விகள் இருக்கின்றன, இந்த இரண்டைப் பொறுத்ததுதான் ஆல்ஃபா. இரண்டாவது பலருக்கு மறந்துவிடுகிறது. உங்கள் 12 கேள்விகளோடு அதே தரத்தில் இன்னும் 12 சேர்த்தால் 0.88 வரும். பாதியாக்கி 6 மட்டும் வைத்தால் 0.64. எந்தக் கேள்வியும் நல்லதாகவும் ஆகவில்லை, கெட்டதாகவும் ஆகவில்லை. எண் மட்டும் ஏறி இறங்குகிறது. ஸ்பியர்மனும் வில்லியம் பிரவுனும் 1910-இல் தனித்தனியாக வெளியிட்ட சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், இதுதான் கிடைக்கும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. உங்கள் 12 கேள்விகளில் 6 படிப்புச் சுமையைப் பற்றியவை, மற்ற 6 வீட்டுப் பிரச்சினையைப் பற்றியவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆறுக்குள்ளும் கேள்விகளுக்கு இடையிலான ஒட்டுறவு (இரண்டு கேள்விகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதன் அளவு; 0 என்றால் சம்பந்தமில்லை, 1 என்றால் முழுச் சேர்க்கை) 0.5. இந்த ஆறுக்கும் அந்த ஆறுக்கும் இடையே ஒட்டுறவு சுத்தமாகப் பூஜ்யம். அதாவது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயங்களை ஒரே தாளில் அச்சடித்திருக்கிறோம். மொத்தத்துக்கும் ஆல்ஃபா எவ்வளவு வரும் தெரியுமா? சராசரி ஒட்டுறவு 0.227, ஆல்ஃபா 0.78. உங்கள் எண்ணேதான். உங்கள் கேள்வித்தாள் அப்படித்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படி இருந்தாலும் ஆல்ஃபா காட்டிக்கொடுக்காது என்பதுதான் விஷயம். ஒரே தன்மையைத்தான் அளக்கிறோமா என்று தெரிய, எந்தக் கேள்விகள் ஒன்றாகக் கூடுகின்றன என்று பிரித்துக் காட்டும் காரணிப் பகுப்பாய்வு வேண்டும். அதைச் செய்துவிட்டு, ஆல்ஃபாவோடு ஓமேகாவையும் கொடுங்கள். ஓமேகாவும் ஒரு நம்பகத்தன்மை அளவுதான்; எல்லாக் கேள்விகளும் உண்மை நிலையோடு சம அளவில் ஒட்டியிருக்க வேண்டும் என்று ஆல்ஃபாவுக்கு உள்ள நிபந்தனை அதற்கு இல்லை. இலவச மென்பொருளிலேயே கிடைக்கிறது.

அப்புறம் களத்தில் நடப்பது. மாலையில் வேலை முடிந்து வந்து, குளித்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் போய்க் கேட்டால், மூன்றாவது கேள்விக்குப் பிறகு சிலர் காது கொடுப்பதில்லை. ஒருவர் எல்லாவற்றுக்கும் 'சில நேரம்' என்பார். இன்னொருவர் எல்லாவற்றுக்கும் 'இல்லை'. பள்ளியிலும் இப்படித்தான், மணி அடிக்கப் போகிறது என்றால் பிள்ளைகள் ஒரே நேர்கோட்டில் வட்டம் போட்டுக்கொண்டே இறங்குவார்கள். கேள்விகள் எல்லாம் ஒரே திசையில் கேட்கப்பட்டிருந்தால் இந்தப் பதில்கள் ஆல்ஃபாவை உயர்த்தும்! ஒருவர் எல்லாவற்றிலும் 2, அடுத்தவர் எல்லாவற்றிலும் 0 என்றால் கேள்விகள் அத்தனையும் சேர்ந்து நகர்வதுபோல் கணினிக்குத் தெரியும். கவனமில்லாத பதிலே ஒத்திசைவு என்ற பெயரில் உள்ளே வந்துவிடுகிறது. கணக்குப் போடுவதற்கு முன் விடைத்தாள்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். தலைகீழாகக் கேட்ட கேள்விகள் ('நிம்மதியாக இருக்கிறேன்' என்பதுபோல்) இருந்தால் அவற்றை மாற்றிக் குறியிட்டீர்களா என்பதையும் பாருங்கள். மாற்றாமல் விட்டால் ஆல்ஃபா திடீரென்று விழும்; அந்தக் கேள்வியையே மோசம் என்று நீக்கிவிடுவார்கள்.

ஆல்ஃபா ஒரே நாளில், ஒரே உட்காரலில் எடுத்த படம். அன்றைக்குப் பிள்ளைக்குத் தலைவலி என்றால் அந்தத் தலைவலி 12 கேள்விகளையும் ஒரே பக்கம் இழுக்கும். அது பிழை என்று ஆல்ஃபாவுக்குத் தெரியாது. காலத்தால் வரும் பிழையைப் பிடிக்க, அதே ஆட்களிடம் இன்னொரு நாள் மறுபடி கேட்கும் மறுசோதனை ஒன்றுதான் வழி. எத்தனை நாள் இடைவெளி என்பதற்கு ஒரே விடை கிடையாது. சீக்கிரம் போனால் நினைவு குறுக்கே வரும். தோட்டத்தில் ஒரு பாட்டி என்னிடம், "ஏம்மா, போன தடவையே சொல்லிட்டேனே, மாத்தியா சொல்லப் போறேன்?" என்றார். முன்னே சொன்ன பதிலையே திரும்பச் சொல்வதுதான் நாணயம் என்பது அவர் எண்ணம். ரொம்பத் தாமதித்தால் உண்மை நிலையே மாறியிருக்கும். சுபாவத்தை அளக்கும் கேள்வித்தாளுக்குச் சில வாரங்கள் விடலாம். 'கடந்த ஒரு வாரத்தில்' என்று கேட்கும் மனநிலைக் கேள்வித்தாளில் மாற்றம் வந்தால் அது பிழையா, வாழ்க்கையா என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் வீட்டின் நிலவரமே வேறு. முதல் சுற்றைச் சம்பளத்துக்கு முந்தின வாரத்திலும், இரண்டாவதைச் சம்பளம் வந்த பிறகும் எடுத்தீர்கள் என்று வைப்போம். முதலில் ஐந்து பேர் 8, 11, 14, 17, 20. பிறகு அதே ஐந்து பேர் 5, 8, 11, 14, 17. எல்லாரும் 3 இறங்கியிருக்கிறார்கள், ஆனால் வழக்கமான ஒட்டுறவுக் கெழு 1.00 என்று முழு மதிப்பெண் கொடுக்கும். வரிசை மாறவில்லையே! அதனால் மறுசோதனைக்கு வெறும் ஒட்டுறவோடு நிற்காதீர்கள். மதிப்பெண்ணின் அளவே ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வகை உள்வகுப்பு ஒட்டுறவைப் போடுங்கள், இரண்டு சுற்றின் சராசரிகளையும் பக்கத்தில் எழுதுங்கள்.

ஆட்களைக் கவனித்துக் குறிக்கும் ஆய்வு என்றால் இன்னொரு வகை நம்பகத்தன்மை வரும். இரண்டு ஆசிரியர்கள் 100 பிள்ளைகளைப் பார்த்து 'கவனச் சிக்கல் உண்டு / இல்லை' என்று குறிக்கிறார்கள். ஆளுக்குப் பத்துப் பேரை 'உண்டு' என்கிறார்கள், ஆனால் இருவரும் சேர்ந்து 'உண்டு' என்றது 4 பேரை மட்டும். 84 பேரை இருவருமே 'இல்லை' என்றார்கள். ஒத்துப்போனது 88 சதவீதம், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்குப் பத்துப் பெயரைக் குறித்திருந்தாலே சராசரியாக 82 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். அந்தத் தற்செயலைக் கழித்துப் பார்க்கத்தான் ஜேக்கப் கோஹன் 1960-இல் கப்பாவைக் கொடுத்தார். இங்கே கப்பா 0.33 மட்டும்தான். 88 சதவீதத்தை நம்பி ஒரு பிள்ளையின் கோப்பில் எதையும் எழுதக் கூடாது.

கோப்பு என்றதும் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. 0.70 என்ற எண்ணை எல்லாரும் உளவியல் அளவீட்டைப் பற்றி எழுதிய ஜம் நன்னலியின் பெயரில்தான் சொல்கிறார்கள். அவர் 1978-இல் எழுதியதில் 0.70 என்பது ஆய்வின் தொடக்க நிலைக்கு. தனி ஒருவரைப் பற்றி முக்கியமான முடிவு எடுப்பதானால் குறைந்தது 0.90 வேண்டும், 0.95 இருந்தால் நல்லது என்றார். முதல் பாதியை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள்.

உங்கள் எண்ணையே வைத்துப் பார்ப்போம். மொத்த மதிப்பெண் 36, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது) 6 என்று கொள்வோம். நம்பகத்தன்மை 0.78 என்றால் அளவீட்டின் திட்டப் பிழை (ஒருவரின் மதிப்பெண் அவருடைய உண்மை நிலையிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்பது) 6 பெருக்கல் 0.22-இன் வர்க்கமூலம், அதாவது ஏறக்குறைய 2.8. வழக்கமான 95 சதவீத எல்லைக்கு இரு பக்கமும் 5.5 விட வேண்டும். 15-க்கு மேல் போனால் 'அழுத்தம் உள்ளவர்' என்று கோடு போட்டிருக்கிறீர்கள், ஒரு பையன் 17 வாங்குகிறான் என்று வைப்போம். அவனுடைய உண்மை நிலை 11.5-லிருந்து 22.5 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே தெரியாது. அவன் பெயரைப் பட்டியலில் சேர்த்து, பெற்றோரைக் கூப்பிட்டு, அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பைக்கில் பள்ளிக்கு வந்து உட்காருகிறார். அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியவள் நான். 14 வாங்கிய பெண்ணைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை, அதுவும் இதே பிழையின் மறுபக்கம்தான். தனிப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லும் இடத்திலெல்லாம் இந்த எல்லையையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு ஆய்வாளரிடமும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கிரான்பாக் 2001-இல் காலமான பிறகு 2004-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையிலும் இதைத்தான் வலியுறுத்தினார்: ஒரு கருவியைப் பற்றி அறிவிக்க வேண்டிய மிக முக்கியமான தகவல் திட்டப் பிழை, கெழு அல்ல. தன் பெயரில் ஓடும் அளவைப் பற்றி அவரே அப்படிச் சொன்ன பிறகும் அட்டவணைகளில் ஆல்ஃபா மட்டும்தான் இருக்கிறது.

குழுச் சராசரிகளை ஒப்பிடும் ஆய்வு என்றால் 0.78-ஓடு போகலாம். ஆனால் அங்கேயும் பிழை உங்கள் முடிவை அரிக்கும். அழுத்தத்துக்கும் வகுப்பு நடத்தைக்கும் உண்மை ஒட்டுறவு 0.50, நடத்தை அளவீட்டின் நம்பகத்தன்மை 0.60 என்றால் உங்கள் தரவில் தெரியப்போவது 0.34 மட்டுமே. தொடர்பு பலவீனம் என்று எழுதுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

ஏற்புடைமையைப் பற்றி, அதாவது அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்பதைப் பற்றி, இங்கே விரிவாகப் போகவில்லை, அது தனிக் கேள்வி. ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் தராசு நாள் தவறாமல் ஒரு கிலோ குறைத்தே காட்டினால் அது நம்பகமான தராசுதான். தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலிதான் பொய்.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் செய்வது இது. விடைத்தாள்களைப் புரட்டி நேர்கோட்டுப் பதில்களைத் தனியே குறித்து, அவற்றோடும் அவை இல்லாமலும் ஆல்ஃபாவைப் போட்டுப் பார்ப்பேன். காரணிப் பகுப்பாய்வு செய்து, இரண்டு பிரிவு தெரிந்தால் தனித்தனியாகக் கணக்கிடுவேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளும் கலந்திருந்தால், அல்லது சிலர் மலாயிலும் சிலர் தமிழிலும் நிரப்பியிருந்தால், குழு வாரியாகப் பிரித்துப் பார்ப்பேன். மொத்த எண் ஒரு குழுவின் குழப்பத்தை மறைத்துவிடும். ஆல்ஃபாவுக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) கொடுப்பேன், ஏனென்றால் சின்ன மாதிரியில் 0.78 என்பது 0.70-க்குக் கீழும் இருக்கக்கூடும். நேரம் இருந்தால் ஒரு சிறு குழுவிடமாவது மறுபடி போவேன், அதுவும் இரண்டு சுற்றும் சம்பள நாளிலிருந்து ஒரே தொலைவில் விழுகிறமாதிரி. மேற்பார்வையாளர் இதெல்லாம் தேவையில்லை என்றால், திட்டப் பிழையை மட்டுமாவது முடிவுகள் அத்தியாயத்தில் எழுத அனுமதி கேளுங்கள். ஒரு வரிதான் ஆகும்.