30 வாரத்தில் கொரோனா: வீட்டிலேயே இருக்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன், 30 வாரக் கர்ப்பம். கணவரைத் தொடர்ந்து எனக்கும் அன்டிஜன் சோதனையில் கொரோனா என்று வந்திருக்கிறது. நேற்றிலிருந்து காய்ச்சல், தொண்டை நோ. பிள்ளையைப் பாதிக்குமா? கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டு வீட்டில் இருந்தால் போதுமா?

பதில்: போதாது. இன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். காரணம் கொரோனா மட்டுமல்ல. கொழும்பில் கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் டெங்குவையும் பார்த்தே ஆக வேண்டும். அன்டிஜன் சோதனை கொரோனா என்று காட்டியதால் டெங்கு இல்லை என்றாகாது; இரண்டும் சேர்ந்தே வரலாம். முழு இரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்வார்கள். அதுவரை பனடோல் மட்டும்: 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். எடை 50 கிலோவுக்குக் குறைவென்றால் அளவைக் கேட்டுப் போடுங்கள். வலி நிவாரணிகளான புரூபன், டைக்ளோபெனாக் தொடவே கூடாது: டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டும், இந்த மாதத்தில் பிள்ளையின் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல். கிளினிக்கில் தந்த அஸ்பிரின் குடிப்பவரென்றால் போனவுடன் அதைச் சொல்லுங்கள்.

பிள்ளைக்கு வைரஸ் நேரடியாகத் தொற்றுவது அரிது. ஆபத்து தாய் வழியாகத்தான் வருகிறது. வளர்ந்த கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறைவு. ஒட்சிசன் தேவையோ கூட. நியூமோனியாவாக முற்றினால் குறைமாதப் பிரசவம் நேரலாம், அரிதாகப் பிள்ளை வயிற்றிலேயே இறப்பதும் உண்டு.

வீட்டுக்கு அனுப்பினால், விரலில் மாட்டி இரத்தத்தில் உள்ள ஒட்சிசன் வீதத்தைப் பார்க்கும் ஒட்சிமீற்றர் ஒன்று வாங்குங்கள். நகப்பூச்சை அழித்து, கை குளிராமல் உட்கார்ந்து, எண் ஓரிடத்தில் நிற்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். மாட்டிய உடனே தெரியும் எண்ணைப் பார்த்துத்தான் பலர் வீணாகப் பதறுகிறார்கள். 95க்குக் கீழே போனாலோ, ஒரு வசனம் பேசி முடிக்க மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு நொந்தாலோ 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கொரோனாவும் கர்ப்பமும் சேர்ந்தால் இரத்தம் உறையும் இயல்பு கூடும். ஆகவே முழுநாளும் படுத்தே கிடக்காமல் அறைக்குள் நடமாடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால் உடனே காட்டுங்கள்.

கொத்தமல்லித் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், மருந்துக்குப் பதிலாக அல்ல. கொதிநீர்ச் சட்டிமேல் குனிந்து ஆவி பிடிப்பது வேண்டாம். சட்டி சரிந்தால் வயிறு வெந்துபோகும்.

பிள்ளையின் துடிப்பு (அசைவு) வழமையைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் இடப்பக்கம் சரிந்து படுத்து இரண்டு மணி நேரம் கவனியுங்கள். அசைவுகள் பத்துக்குக் குறைவென்றால், நள்ளிரவானாலும், கிளினிக் அட்டையை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.