‘டூ த நீட்ஃபுல்’ தப்பான இங்கிலீஷா?

கேள்வி: பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். லண்டன் பையருக்கு அனுப்பிய மெயிலை ‘ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்’ என்று முடித்தேன். ‘நான் என்ன செய்யணும்?’ என்று கேட்டு பதில் வந்தது. எங்கள் மேனேஜர் இது தப்பான இங்கிலீஷ் என்கிறார். தப்பா?
– வாசகி, திருப்பூர்

பதில்: தப்பே இல்லை, தைரியமாக இருங்கள். இது நாம் இட்டுக்கட்டிய இங்கிலீஷும் இல்லை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக்காரர்களே கடிதங்களில் சாதாரணமாக எழுதியதுதான். அங்கே நாளாவட்டத்தில் வழக்கொழிந்துபோனது, இங்கே ஆபீஸ் கடிதங்களில் உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் இன்றைய லண்டன்காரருக்கு அது பழைய வாசனை அடிக்கிறது.

நம் மனுக்களின் கடைசி வரியை நினைத்துப் பாருங்கள்: ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ ஆவன என்றால் ஆக வேண்டியவை, நீட்ஃபுல்லும் அதேதான். என்னென்ன என்று சொல்லாமல் விடுவதில் ஒரு மரியாதை இருக்கிறது, உங்கள் வேலை உங்களுக்குத் தெரியும், நான் சொல்லித்தர வேண்டியதில்லை என்கிற மரியாதை. தாசில்தாருக்கு எழுதும்போது அது சரியாகவே பொருந்தும், ஏனென்றால் மனுவில் மேலே விஷயம் முழுக்க இருக்கும், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

பேச்சு வழக்கில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. இங்கிலாந்தில் ‘த நீட்ஃபுல்’ என்றால் கொச்சையாகப் பணம்! 18ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிற பேச்சு. நாம் கடையில் ‘கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க’ என்றால் விலையைக் குறைக்கச் சொல்கிறோம் என்று கடைக்காரருக்குப் புரிகிறதே, அந்த மாதிரி, பணம் என்ற சொல் வாயில் வராமலே காரியம் நடக்கிற பேச்சு.

அப்புறம், நிறையப் பேர் ‘த’வை விட்டுவிட்டு ‘டூ நீட்ஃபுல்’ என்று எழுதுகிறார்கள், அதுதான் உண்மையிலேயே தப்பு. நீட்ஃபுல் என்பது ‘தேவையான’ என்கிற பெயரடை. ‘த’ சேர்ந்தால்தான் அது ‘தேவையானவை’ என்று பெயராகும், ‘த ரிச்’ என்றால் பணக்காரர்கள் என்று ஆகிறதைப் போல.

சரி, உங்கள் மெயிலுக்கு வருவோம். பையருக்குக் குழப்பம் வந்தது இலக்கணத்தால் இல்லை. ஷிப்மென்ட் தேதியை மாற்றுவதா, சாம்பிளுக்கு ஓகே சொல்வதா, பணம் அனுப்புவதா என்று அவருக்குத் தெரியவில்லை. பழகாத ஆளுக்கு, அதுவும் கடல் தாண்டி எழுதும்போது, வேலையையும் தேதியையும் சொல்லிவிடுவதுதான் நல்லது. உங்களுக்கு வேண்டியது திருத்திய ஆர்டர் என்றால் இன்றைக்கே இப்படி ஒரு வரி அனுப்புங்கள்: ‘குட் யூ ப்ளீஸ் சென்ட் அஸ் த ரிவைஸ்டு பர்ச்சேஸ் ஆர்டர் பை ஃப்ரைடே?’