களைப்பா, வெறுப்பா? தாதியரின் கேள்விகளுக்கு ஒரு மூத்த தாதியின் பதில்கள்

வன்னியில் பதினாறு வருடம், அப்புறம் இங்கிலாந்தில் ஆறு வருடம் வாட்டில் நின்றவள் நான். வந்த கேள்விகளில் நாலுக்கு இங்கே பதில்.

அக்கா, நாலு நாள் லீவில் படுத்து எழும்பினாலும் வாட்டை நினைத்தால் வயிற்றைப் புரட்டுகிறது. சோம்பலா? (முள்ளியவளை)

சோம்பல் இல்லை, தங்கச்சி. வெறும் களைப்பென்றால் நித்திரையோடு போயிருக்கும். இதற்குப் பெயர் 'பேர்ன்அவுட்' (burnout), வேலையில் எரிந்து தீர்ந்துபோவது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோயென்று சொல்லாமல், வேலையால் வரும் நிலை என்று வரையறுத்தது. தீராத களைப்பு, வேலையில் வெறுப்பு, 'நான் செய்து என்ன ஆகப்போகுது' என்ற நினைப்பு, மூன்றும் சேர்ந்தது அது. எனக்குப் பிடிபட்டது ஒரு காலைநேரம். டியூட்டி ஒப்படைக்கும்போது ஓர் அம்மாவை "ஏழாம் கட்டில்" என்றேன். முதல் நாள்தான் அவர் சரையில் சுற்றி வைத்திருந்த பாலைப்பழத்தை என் கையில் திணித்தவர். பெயர் தெரியாமல் இல்லை, சொல்ல மனம் வரவில்லை.

தெற்கிலிருந்து வந்த சிங்களத் தாதியர் எப்போது இடமாற்றம் என்றே இருக்கிறார்கள். பாரம் எங்களுக்குத்தானே? (வவுனியா)

உங்கள் பாரம் உண்மை. டியூட்டி முடிந்து போனாலும் படலையில் யாராவது ரிப்போட்டோடு நிற்பார்கள். அவர்களுக்கோ விடுதி அறையும் போனும்தான். நோயாளி "நெஞ்சு எரியுது" என்பதற்கும் "நெஞ்சு நோகுது" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தீர்கள்? தெரியாமல் நிற்கிற பயமும் ஆளைத் தின்னும்.

வெளிநாடு போனால் நிம்மதிதானே அக்கா? (மாங்குளம்)

சம்பளத்தில் நிம்மதி, தம்பி. 2022இல் அரச ஊழியர் வெளிநாட்டில் உழைக்க ஐந்து வருடம் வரை சம்பளமில்லா லீவு என்று வந்ததும் எங்கள் பக்கமும் பலர் கிளம்பினார்கள். இங்கிலாந்து போனால் முதலில் ஓஸ்கி (OSCE) என்ற செய்முறைப் பரீட்சை. இங்கே நாளுக்கு இருபது கனுலா (மருந்து ஏற்ற நாளத்தில் செருகும் சிறு குழாய்) போட்ட கை, அங்கே பயிற்சி முடித்துக் கையெழுத்து வாங்கும் வரை ஒன்றுகூடப் போட முடியாது. அதைக்கூடத் தாங்கலாம். வைத்தியருக்கு மறுத்துப் பேசாதது இங்கே மரியாதை. அங்கே சந்தேகம் வந்தும் வாய் திறக்காவிட்டால் உன் பிழை. ஒருமுறை மருந்தளவு கூடுதலாகப் பட்டும் பேசாமல் நின்றேன். பக்கத்தில் நின்ற இங்கிலாந்துக்காரி கேட்டுவிட்டாள், வைத்தியர் நன்றி சொல்லித் திருத்தினார். அன்றிரவு நித்திரை வரவில்லை.

மஸ்லாக், லெய்ட்டர் என்ற ஆய்வாளர்கள் வேலைப்பளு, நியாயம் எல்லாவற்றோடும் விழுமியத்தையும் பேர்ன்அவுட்டுக்கு ஒரு காரணமாக வைத்தது சும்மா இல்லை. எது நல்ல தாதி வேலை என்ற உன் கணக்கும் வாட்டின் கணக்கும் ஒத்துவராவிட்டால், பாதி நாள் வேலைகூட உடைத்துவிடும். அங்கேயே பிறந்தவளையும் வேலை முறிக்கும், ஆனால் இந்தக் கணக்கை அவள் புதிதாகப் படிக்கத் தேவையில்லை.

எங்களுக்கு யோகா வகுப்பு வைக்கப் போகிறார்களாம். சரிவருமா? (கிளிநொச்சி)

போங்கள், முதுகுக்கு நல்லது. ரொஸ்டரை, அதுதான் டியூட்டி அட்டவணையை, இரண்டு கிழமை முன்னமே ஒட்டச் சொல்லியும் கேளுங்கள்.